அதே ஆறு, அதே வாரம்

லிவிங்ஸ்டன் ஊரை எட்டியதும் யெல்லோஸ்டோன் ஆறு திசை மாறுகிறது. மலைகளுக்கிடையே வடக்கு நோக்கி ஓடி வந்தது, இங்கே கிழக்கே திரும்பிப் பெருஞ்சமவெளிக்குள் இறங்குகிறது. மாண்டானா ஒரு மாநிலமாவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, 1882-ல், நார்தர்ன் பசிபிக் ரயில் கம்பெனி அந்த வளைவில் இந்த ஊரை நிறுவியது. அதற்கு முன்பு இது க்ரோ பழங்குடியினரின் நிலம். 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களுக்கென அமைந்த முதல் அரசு முகாம் ஊருக்குச் சற்றுக் கிழக்கே 1875 வரை இருந்தது. அவர்களைப் படிப்படியாகக் கிழக்கே தள்ளிய பிறகு ரயில் வந்தது. ரயிலோடு தூண்டில்காரர்களும் வந்தார்கள். இந்த வரலாற்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கரையில் நின்று “எங்கள் ஆறு” என்று யார் சொன்னாலும், அவருக்கு முன்பே இன்னொரு மக்களின் உரிமை இங்கே இருந்திருக்கிறது.

லிவிங்ஸ்டனில் தொடங்கி, பாரடைஸ் பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே ஏறி, யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைக் கடந்து, மேற்கு வாசலில் இறங்கி, மேடிசன் ஆற்றோடு என்னிஸ் வரை நான் போன பாதை, அமெரிக்காவில் நண்பர் குழுக்கள் ஆண்டுதோறும் ஃபிளை ஃபிஷிங்குக்கு வரும் பாதைகளில் பேர்பெற்றது. நாலு பேரோ எட்டுப் பேரோ, குளிர்காலத்திலேயே அடுத்த கோடைக்கான பேச்சைத் தொடங்கிவிடுவார்கள். இந்த வருஷம் எங்கே, எப்போது? போன வருஷத்து ஆறே போதுமா, புது ஆறு ஒன்றைப் பார்த்துவிடலாமா? அதே ஆற்றுக்கு, அதே வாரத்தில் திரும்பிப் போவதுதான் சரி என்பது என் கட்சி. மீன் நன்றாகக் கிடைக்கும் என்பது அதற்குச் சின்னக் காரணம்தான். இந்த ஆறுகள் இன்று உயிரோடு ஓடுவதற்கு யார் காரணம் என்று பாதை நெடுகத் தேடிப் பார்த்தால், திரும்பத் திரும்ப வந்தவர்களே எதிர்ப்படுகிறார்கள்.

தேதி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை இந்தக் கலையின் அடிப்படையிலிருந்தே சொல்ல வேண்டும். ஃபிளை ஃபிஷிங்கில் புழு கிடையாது, உயிருள்ள இரை எதுவும் கிடையாது. கொக்கியின் மேல் இறகும் மான்மயிரும் வைத்து நூலால் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சிதான் இரை. அதற்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. கனமெல்லாம் கயிற்றில் இருக்கிறது. கோலைப் பின்னுக்கும் முன்னுக்கும் வீச, கயிறு காற்றில் வளைந்து விரிந்து, கடைசி நுனியில் பூச்சியை நீர்மேல் இறக்கும். டிரவுட் மீனோ, அந்த நேரத்தில் ஆற்றில் எந்தப் பூச்சி மிகுதியாக வெளிவருகிறதோ அதையே பொறுக்கித் தின்னும். பூச்சி வெளிவருவதை நீரின் வெப்பமும் மாதமும் தீர்மானிக்கின்றன. மே மாதத்தில் மலைப்பனி உருகத் தொடங்கியதும் யெல்லோஸ்டோன் கலங்கிப் பெருகி ஓடும். ஜூன் கடைசிவரை, சில ஆண்டுகளில் ஜூலை நடுவரை தெளியாது. தெளிந்ததும் பெரிய பூச்சிகள் வரும். ஆகஸ்டில் கரைப்புல்லிலிருந்து வெட்டுக்கிளிகளைக் காற்று அடித்து வந்து நீரில் போடும். செப்டம்பரில் பிரவுன் டிரவுட் முட்டையிடத் தயாராகி ஆற்றில் மேலேறத் தொடங்கும். அலுவலக லீவுக்குத் தோதான ஒரு வாரத்தை முதலில் குறித்துக்கொண்டு பிறகு ஆற்றைத் தேடுகிற குழு, கலங்கல் நீரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்.

லிவிங்ஸ்டனில் டேன் பெய்லி 1938-ல் திறந்த ஃபிளை ஃபிஷிங் கடை பேர்பெற்றது. அதன் சுவரில் மீன்களின் உருவக் கோடுகள் வரிசையாக ஏறின. பொய்ப்பூச்சியால் பிடித்த மீன் நான்கு பவுண்டுக்கு மேல் இருந்தால், அதைப் பலகையில் கிடத்திச் சுற்றிக் கோடு வரைந்து, பிடித்தவர் பெயரையும் இடத்தையும் நாளையும் எழுதி மாட்டுவது அந்தக் கடை வளர்த்த வழக்கம். பெருமைக்காகத் தொடங்கிய காரியம்தான். ஆனால் எந்த ஆற்றில் எந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய மீன் இருந்தது என்பதற்கு அது ஓர் ஆவணமாகவும் ஆகிவிட்டது. பெய்லி இந்த ஊர்க்காரர் அல்ல. நியூயார்க்கில் அறிவியல் கற்பித்துக்கொண்டிருந்தவர். மீன் பிடிக்க வந்து, பிறகு இங்கேயே குடியேறியவர். லிவிங்ஸ்டனுக்குச் சற்று மேலே ஆலன்ஸ்பர் என்ற குறுகிய இடுக்கில் அணை கட்டும் திட்டம் எழுந்தபோது, அதை எதிர்த்து முன்நின்றவர்களில் அவர் முக்கியமானவர். 1970களில் கிழக்கு மாண்டானாவின் நிலக்கரித் தொழிலுக்குத் தண்ணீர் வேண்டும் என்ற நெருக்கடி அந்தத் திட்டத்துக்கு வலு சேர்த்தது. அணை வந்திருந்தால் பாரடைஸ் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி நீருக்கடியில் போயிருக்கும். வரவில்லை. 1978-ல் மாநில அரசின் வாரியம், மீன்களுக்கும் காட்டுயிர்களுக்கும் என்று ஆற்றிலேயே ஓடவிட வேண்டிய நீரின் அளவை ஒதுக்கி வைத்தது. அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டால், பெரிய நீர்த்தேக்கம் ஒன்றுகூட இல்லாமல் ஓடும் அமெரிக்க ஆறுகளில் மிக நீளமானது இன்றும் யெல்லோஸ்டோன்தான். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல்.

ஊரைத் தாண்டித் தெற்கே போனால் இடப்பக்கம் அப்சரோகா மலைத்தொடர், வலப்பக்கம் காலட்டின் மலைத்தொடர், நடுவே வைக்கோல் வயல்கள். இந்தப் பள்ளத்தாக்கில் ஆம்ஸ்ட்ராங், டீப்யூ, நெல்சன் என்று மூன்று ஊற்று ஓடைகள் தரைக்கடியிலிருந்து கிளம்பிச் சில கிலோமீட்டர் ஓடி ஆற்றில் சேர்கின்றன. ஆறு கலங்கிக் கிடக்கும் நாளிலும் இவை கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும். ஊற்றுவாயில் வெப்பம் ஆண்டு முழுவதும் பத்து டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். பாசிக்கொடிகள் நீரோட்டத்தில் ஒரே திசையில் படிந்து அசைய, அவற்றின் இடுக்கில் டிரவுட் நின்று, மேலே மிதந்து வரும் மேஃபிளையை மூக்கை மட்டும் நீட்டி உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் கீழே போகும். பூச்சி நகக்கண் அளவுதான். அதற்கான பொய்ப்பூச்சியைக் கட்டுவதே தனித் திறமை. ஓடைகள் தனியார் பண்ணைகளுக்குள் ஓடுகின்றன. நாளொன்றுக்கு இத்தனை கோல் என்று எண்ணிக்கை வைத்து, கோலுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி உள்ளே விடுகிறார்கள். நல்ல வாரங்கள் மாதக்கணக்கில் முன்பே நிறைந்துவிடும். ஆண்டுதோறும் வருகிறவர்கள் தங்கள் நாளைக் கைவிடுவதில்லை.

பணமுள்ளவர்கள் தங்களுக்குள் பூட்டிவைத்துக்கொண்ட சுகம்தானே இது என்ற கேள்வி இங்கே எழும். பாதி சரி. கோலுக்குக் கட்டணம் என்பது ஏழைக்கு மூடிய கதவுதான். ஆனால் மாண்டானாவின் பெரும்பாலான ஆறுகளுக்கு அந்தக் கதவு கிடையாது. மாநிலத்தின் 1985-ம் ஆண்டுச் சட்டம், படுகை யாருடையதாக இருந்தாலும், வழக்கமான உயர்நீர்க் கோட்டுக்குள் எவரும் இறங்கி நடக்கலாம், மிதக்கலாம், மீன் பிடிக்கலாம் என்கிறது. தனியார் நிலத்தைக் கடந்து ஆற்றுக்குப் போக முடியாது. பாலத்தடியிலோ பொதுத்துறையிலோ இறங்கிவிட்டால் பிறகு யாரும் தடுக்க முடியாது. நிலப்பிரபுக்கள் இதை எதிர்த்துப் பலமுறை நீதிமன்றம் போயும் சட்டம் நிலைத்திருக்கிறது. அதைக் கொண்டுவரப் போராடியவர்களும் பிறகு விட்டுக்கொடுக்காமல் நின்றவர்களும் சாதாரணத் தூண்டில்காரர்களே. ஆண்டுதோறும் இறங்கும் துறையில் ஒருநாள் வேலி முளைத்தால் முதலில் பார்க்கிறவர்கள் அவர்கள்தான்.

முதலில் பார்ப்பது என்பதன் அருமை 2016 ஆகஸ்டில் தெரிந்தது. யெல்லோஸ்டோனில் மலைநாட்டு வெள்ளைமீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. நுண்ணிய ஒட்டுண்ணி ஒன்றால் மீன்களுக்கு வரும் சிறுநீரக நோய் காரணம். நீர் குறைந்து வெப்பம் ஏறியிருந்தது நோயைக் கொடியதாக்கியது. மாநில மீன்வளத் துறை, பூங்காவின் வடக்கு எல்லையிலிருந்து கீழே 183 மைல் நீளத்துக்கு ஆற்றையும் அதில் சேரும் ஓடைகளையும் அடைத்தது. மீன்பிடிப்பு மட்டுமல்ல, படகு, நீச்சல் எல்லாம் நின்றன. வெள்ளைமீன் இந்த ஆற்றின் சொந்த மீன். டிரவுட்டைத் தேடி வருகிறவர்கள் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. முதல் தடவை வந்த ஒருவர் கரையில் நாலு செத்த மீனைப் பார்த்தால் அது இயல்புதான் போலும் என்று கடந்துவிடுவார். இதே மேட்டில் பல கோடை நின்றவருக்கே அது இயல்பல்ல என்று தெரியும்.

கார்டினரில் பூங்காவின் வடக்கு வாசல். 1903-ல் தியடோர் ரூஸ்வெல்ட் மூலைக்கல் நாட்டிய கல்வளைவு நிற்கிறது. 2022 ஜூன் வெள்ளம் இந்த வாசலிலிருந்து மேலே போகும் பாதையைத் துண்டு துண்டாக அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஆறு தன் கரையைத் தானே மாற்றிக்கொள்ளும் என்பதற்கு அந்த வெட்டுக்காயங்களே சாட்சி.

பூங்காவுக்குள் யெல்லோஸ்டோன் ஏரியின் வாயில் ‘ஃபிஷிங் பிரிட்ஜ்’ என்ற மரப்பாலம் இருக்கிறது. ஒரு காலத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு மக்கள் அதன் கைப்பிடியில் நின்று தூண்டில் போட்டார்கள். கீழே முட்டையிட வந்த கட்த்ரோட் டிரவுட் கூட்டம். 1973-ல் அங்கே மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. பெயர் மட்டும் நிற்கிறது; இப்போது மக்கள் கீழே மீன் நீந்துவதைப் பார்க்க நிற்கிறார்கள். அதைவிடப் பெரிய அடி பின்னால் வந்தது. 1994-ல் ஏரியில் லேக் டிரவுட் என்ற அயல்மீன் இருப்பது தெரியவந்தது. யாரோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அது கட்த்ரோட்டைத் தின்று கொழுத்தது. கிளியர் க்ரீக் என்ற ஒரே ஓடையில் 1978-ல் 70,000-க்கு மேல் ஏறி வந்த கட்த்ரோட், 2007-ல் சில நூறாகச் சுருங்கியது. கட்த்ரோட் ஆழமில்லாத ஓடைகளில் முட்டையிடும். கரடியும் விராலடிப்பானும் அதைப் பிடித்து உண்ணும். லேக் டிரவுட் ஏரியின் ஆழத்திலேயே கிடப்பதால் அவற்றுக்கு எட்டாது. ஒரு மீன் குறைந்ததில் கரைவாழ் விலங்குகளின் உணவே போயிற்று. பூங்கா நிர்வாகம் வலை போட்டு நாற்பது இலட்சத்துக்கும் மேலான லேக் டிரவுட்டைப் பிடித்து நீக்கியிருக்கிறது. ஏரியில் அதைப் பிடிக்கும் தூண்டில்காரர் அதைக் கொன்றே ஆக வேண்டும், கட்த்ரோட்டைப் பிடித்தால் விட்டே ஆக வேண்டும் என்பது விதி.

இதில் என் வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது. இந்தப் பயணிகள் காக்கத் துடிக்கும் மீன்களே பெரும்பாலும் அயல்மீன்கள்தாமே? 1889-லிருந்து அரசே பூங்காவின் ஆறுகளில் வெளி மீன்களை விட்டது. பிரவுன் டிரவுட்டின் பூர்வீகம் ஐரோப்பா. ரெயின்போ டிரவுட் பசிபிக் கரையைச் சேர்ந்தது. நம் நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-ல் குஞ்சு பொரிப்பகம் அமைத்து ஆங்கிலேயர் மலையோடைகளில் பரப்பியதும் இதே இனம்தான். தங்கள் விளையாட்டுக்காக ஓர் ஆற்றின் உயிர்க்குலத்தையே மாற்றிய கூட்டத்தை அந்த ஆற்றின் காவலர் என்று எப்படிச் சொல்வது? இந்தக் குற்றச்சாட்டு உண்மை. அதை மழுப்பக் கூடாது. ஆனால் மீனை விட்டது விரைவாகப் பலன் பார்க்கும் அவசரம். அதன் கேட்டை உணர்ந்தது பல்லாண்டுக் கவனிப்பு. அதே ஓடையில் ஆண்டுதோறும் எண்ணிக்கொண்டிருந்ததால்தான் எழுபதாயிரம் சில நூறானது எண்ணிக்கையாகவே தெரிந்தது. எண்ணாத ஓடைகளில் இழப்பு நடந்த தடமே இல்லை.

ஃபயர்ஹோல் ஆறு இந்தப் பாதையில் தனிப்பிறவி. வெந்நீர் ஊற்றுகளுக்கு நடுவே ஓடுகிறது. ரிவர்சைடு கெய்சர் பீறிடும்போது கொதிநீர் வளைந்து ஆற்றிலேயே விழுகிறது. கரையில் ஆவி, அக்கரையில் காட்டெருமை, நடுவில் பூச்சியை எதிர்பார்த்து நிற்கும் பிரவுன் டிரவுட். ஊற்றுநீர் கலப்பதால் கோடை நடுவில் ஆறு மீனுக்குத் தாங்காத அளவு சுடும். ஜூனும், செப்டம்பரும் அதற்குப் பிந்தைய வாரங்களுமே இதற்குரிய காலம். ஜூலையில் புகழைக் கேட்டு வருகிறவர், சூட்டில் தவிக்கும் மீனின் மேல் தூண்டில் போடுவார். அல்லது அடைப்பு அறிவிப்பைப் பார்ப்பார். கிப்பன் ஆறும் ஃபயர்ஹோலும் கூடும் இடத்தில் மேடிசன் பிறக்கிறது.

மேற்கு வாசலைத் தாண்டி ஹெப்ஜென் ஏரி, அதன் அணை, அதற்குக் கீழே குவேக் ஏரி. 1959 ஆகஸ்ட் 17 இரவு, 7.3 அளவில் நிலம் நடுங்கி, மலைச்சரிவு ஒன்று ஆற்றின் குறுக்கே விழுந்தது. முகாமிட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் இறந்தார்கள். ஆறு தேங்கி ஏரியானது. முழுகிச் செத்த மரங்கள் இன்னும் நீர்மேல் நிற்கின்றன. இரண்டு ஏரிகளுக்கும் இடைப்பட்ட அந்தச் சின்ன ஆற்றுத்துண்டில்தான் 2021 நவம்பர் 30 அன்று இன்னொன்று நடந்தது. அணையின் மதகில் ஒரு பாகம் உடைந்து, நீர்வரத்து திடீரெனப் பாதிக்கும் கீழே போயிற்று. பக்கக்கால்களில் பிரவுன் டிரவுட் முட்டையிட்டிருந்த காலம். கரையோரக் குட்டைகளில் மீன்கள் சிக்கின. செய்தி பரவியதும் மக்கள் வாளிகளோடு வந்து, சிக்கிய மீன்களை அள்ளிக் கொண்டுபோய் ஓடும் நீரில் விட்டார்கள். மதகைச் சரிசெய்து நீர் வரும்வரை, சில்லிட்ட கல்பரப்பில் நடந்த வேலை அது. எந்தக் கால் முதலில் காயும், எந்தப் பள்ளத்தில் மீன் ஒதுங்கும் என்பதை அந்தத் துண்டிலேயே வருஷக்கணக்கில் நின்றவர்கள் சொல்ல முடியும், வரைபடம் சொல்லாது.

குவேக் ஏரிக்குக் கீழே மேடிசன் ஒரே சீராக, கற்களின் மேல் உடைந்து உடைந்து, வடக்கே என்னிஸ் நோக்கி ஓடுகிறது. இங்கேதான் ஈ. ரிச்சர்ட் வின்சென்ட் என்ற மாநில உயிரியலாளர், பண்ணையில் வளர்த்த டிரவுட்டை ஆற்றில் விடுவதால் என்ன ஆகிறது என்று ஆராய்ந்தார். விடுவதை நிறுத்திய பகுதியில் காட்டு டிரவுட் பெருகியது. மீன் விட்ட ஓர் ஓடையில் குறைந்தது. 1974-ல் மாண்டானா, காட்டு டிரவுட் வாழும் ஆறுகளில் பண்ணை மீன் விடுவதையே நிறுத்தியது. அப்போது எதிர்த்தவர்களில் தூண்டில்காரர்களும் வணிகர்களும் உண்டு; மீன் குறைந்தால் வருகிறவர் குறைவார் என்ற பயம். அவர்கள் மனம் மாறியது வாதத்தால் அல்ல, அடுத்தடுத்த ஆண்டுகளில் திரும்பி வந்து பார்த்ததால் என்றே நினைக்கிறேன். 1994 கடைசியில் சுழல்நோய் மேடிசனில் கண்டறியப்பட்டு ரெயின்போ டிரவுட் பத்தில் ஒன்றாகச் சரிந்தபோதும், பண்ணை மீனைக் கொட்டி நிரப்பாமல் பொறுத்திருந்தார்கள். ஆறு முழுதாக இல்லாவிட்டாலும் கணிசமாக மீண்டது.

அதே வாரம் என்று எல்லோரும் ஒரே வாரத்தைப் பிடித்தால் ஆறு என்ன ஆகும் என்று கேட்கலாம். மேடிசன் பள்ளத்தாக்கில் நின்றால் இந்தக் கேள்வியின் கனம் தெரியும். மாண்டானாவிலேயே ஆகக் கூடுதலாகத் தூண்டில் விழும் ஆறு இது. ஜூன் கடைசியில் சால்மன்ஃபிளை வரும் நாட்களில் படகுகள் வரிசையாக இறங்கும். அந்தப் பூச்சி மூன்று நான்கு ஆண்டு ஆற்றடிக் கல்லுக்குக் கீழே ஊர்ந்து வாழ்ந்து, ஒரு நாள் கரையேறி, வில்லோப் புதரின் தண்டில் பற்றிக்கொண்டு முதுகு பிளந்து வெளிவருகிறது. விரல் நீளம், செம்மஞ்சள் வயிறு, உடலைவிட நீண்டு மடிந்த நரம்போடிய சிறகுகள். உதறிய கூடு தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பறக்கத் தடுமாறி நீரில் விழுவதைப் பெரிய டிரவுட்டெல்லாம் பதுக்கல் விட்டு மேலே வந்து விழுங்கும். இதைப் பார்க்க ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் ஆண்டுப் பயணத்துக்கு இந்த வாரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். புகழ்பெற்ற பூச்சி ஒவ்வொரு ஆண்டும் சில நாள் முன்பின்னாக வரும்; அதைத் துரத்துகிற குழு ஆண்டுக்கு ஒரு தேதியில், ஆண்டுக்கு ஓர் ஆற்றில் அலையும். செப்டம்பர் இரண்டாம் வாரம் போதும். கூட்டம் வடிந்திருக்கும், இரவு குளிர்ந்து நீர் தணிந்திருக்கும், ஃபயர்ஹோலும் ஆறத் தொடங்கியிருக்கும். படகில் துடுப்புக்காரர் நடுவிலும் தூண்டில்காரர் முன்னும் பின்னுமாக இருவரே அமர முடியும் என்பதால் குழு இரட்டைப்படையில் இருப்பது நல்லது. எட்டுக்கு மேல் வேண்டாம். ஒருவர் கையில் நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டும்: காலை நீர்வெப்பம், என்ன பூச்சி, எந்த மீன், எங்கே. இங்கிலாந்தின் டெஸ்ட் ஆற்றில் 1822-ல் தொடங்கிய ஹவுட்டன் கிளப் எழுதி வந்த நாட்குறிப்புகள் பின்னால் நூலாகவே வந்தன. ஒரே ஆற்றின் தலைமுறைக் கணக்கை அவை தந்தன.

பிடித்து விட்டுவிடுவது மீனுக்கு வதைதானே என்று கேட்பவரிடம் நான் முழுதாக வெல்ல முடியாது. கொக்கி வலிக்கிறது, களைத்த மீனில் சில சாகும். செய்யக் கூடியது கேட்டைக் குறைப்பது. முள்ளில்லாத கொக்கி, மீனை நீரைவிட்டுத் தூக்காமை, எல்லாவற்றுக்கும் மேலாக வெப்பமானி. குளிர்ந்த நீரில் விட்ட மீன் பெரும்பாலும் பிழைக்கும். இருபது டிகிரியைத் தாண்டினால் நீரில் ஆக்சிஜன் குறைந்து மீள முடியாமல் சாவது கூடும். மாண்டானாவில் நீர்வெப்பம் மூன்று நாள் தொடர்ந்து 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பிற்பகல் இரண்டு மணிமுதல் நள்ளிரவுவரை மீன்பிடிப்பை நிறுத்துகிறார்கள். அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் 68-லேயே கோலைச் சுருட்டுவதைக் குழு தன் விதியாக வைத்துக்கொள்ள வேண்டும். அறையைப் பதிவு செய்யும்போதே எழுதி எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டிய விதி இது. கரையில் மீன் எழும்பிக்கொண்டிருக்கும்போது பேசினால் முடியாது.

ஆறே அடைபட்ட ஆண்டில் என்ன செய்வது? 2016-ல் பலர் பயணத்தை ரத்து செய்தார்கள், இயல்பான முடிவுதான். அப்படிப்பட்ட ஆண்டிலும் வர வேண்டும் என்பதே என் எண்ணம். கோல் உறையிலேயே இருக்கட்டும். கார்டினரின் விடுதிக்காரருக்கும் என்னிஸின் சாப்பாட்டுக் கடைக்காரருக்கும் அந்த வாரத்தின் வருமானம் தேவைப்படுகிறது. ஆற்றின் நீரை எடுப்பது பற்றியும் படகுகளின் எண்ணிக்கை பற்றியும் மாநில ஆணையம் கருத்துக் கேட்கும்போது அவர்கள் எந்தப் பக்கம் பேசுவார்கள் என்பது அந்த வருமானத்தையும் பொறுத்தது. நோட்டுப் புத்தகத்துக்கும் அந்த ஆண்டுதான் முக்கியமானது. நல்ல ஆண்டுகளின் கணக்கு மட்டும் உள்ள ஏட்டை வைத்துக்கொண்டு எந்த விசாரணையிலும் எதையும் நிறுவ முடியாது. வழக்கமான மேடுகளில் நின்று நீர்மட்டத்தையும் வெப்பத்தையும் காலை, மதியம், மாலை குறித்து, செத்த மீனைக் கண்டால் இனமும் இடமும் எழுதி மீன்வளத் துறையிடம் கொடுத்துவிட்டு, அடுத்த செப்டம்பருக்கு அதே அறைகளைப் பதிவு செய்துவிட்டுப் போகலாம்.